ஒற்றை எண்கள் இல்லாத பட்டியல்

கல்லடி, மட்டக்களப்பு
17 ஏப்ரல் 2005

பேராசிரியர் ஜம்புநாதன் அவர்களுக்கு,

என்னை ஞாபகம் இருக்குமோ தெரியாது. ஜனவரியில் கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் நிலக்கீழ் அறையில் உங்களோடு வேலை செய்த ஒன்பது பேரில் நானும் ஒருவன். டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்து போன பிறகு இங்குள்ள முகாம்களில் இருந்து தொலைநகலில் வந்த பெயர்ப் பட்டியல்களை நாங்கள் கணினியில் தட்டெழுதித் தந்தோம். நீங்கள் அவற்றை ஒன்றாக்கி, யார் யார் எங்கே என்று அச்சடித்துக் கொடுத்தீர்கள். புவாண்ட்-கிளேரில் களஞ்சிய வேலை முடிந்து சீருடையோடு நேரே வந்து உட்காருபவன் என்றால் ஒருவேளை ஞாபகம் வரும்.

என் தங்கை மாக்கிரட் உயிரோடு இருக்கிறாள். அவளுடைய ஆறு வயது மகள் ஜெனிற்றாவும் உயிரோடு இருக்கிறாள்.

இதை நான் சந்தோசமாக எழுத வேண்டும். எழுத முடியவில்லை. ஜனவரி 8ஆம் திகதி வந்த முதல் பட்டியலில் இரண்டு பேரும் முகாமில் இருந்தார்கள். 29ஆம் திகதி மாற்றங்களோடு இரண்டாவது பட்டியல் வந்தது. நீங்கள் இரண்டையும் சேர்த்து அச்சடித்த தாளில் இருவருடைய பெயருக்கும் எதிரே 'வைத்தியசாலையில் இறப்பு, 19.01.2005' என்று இருந்தது. நீங்கள் என் தோளில் கை வைத்து, "மனசைத் தேத்திக்கோங்க" என்றீர்கள். நான் தேற்றிக்கொண்டேன். தேவாலயத்தில் பூசை வைத்தேன். முகாம் இருந்த பள்ளிக்கூடம் திறந்து, ஆட்களை வேறு வேறு இடத்துக்கு ஏற்றிவிட்டார்கள் என்று சொன்னபோது, எங்கே என்று விசாரிக்க எனக்கு ஆளும் இல்லை, காரணமும் இல்லை.

இந்த மாதம்தான் விடுமுறை கிடைத்தது. புதைத்த இடத்தையாவது பார்க்கலாம் என்று வந்தேன். கல்லடித் தேவாலயத்தில் கேட்டேன். "மாக்கிரட்டா? நேத்தும் பூசைக்கு வந்தவளே" என்றார் அங்கிருந்த கன்னியாஸ்திரி.

மட்டக்களப்பை அடுத்த திராய்மடுவில் ஒரு தகரக் கொட்டிலுக்கு முன்னால் மாக்கிரட் உடுப்புத் தோய்த்துக்கொண்டு இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பவில்லை. "எங்க இருந்த நீ?" என்று மட்டும் கேட்டாள். அவளுடைய புருசனை அலை கொண்டுபோய்விட்டது. என் தொலைபேசி இலக்கம் எழுதிய கொப்பியும் அதோடு போய்விட்டது. பழைய விலாசத்துக்கு இரண்டு கடிதம் போட்டிருக்கிறாள். நான் போன ஜூலை முதலாம் திகதி, அங்கே வாடகைக் காலம் முடியும் நாளில், எல்லாரையும் போல வீடு மாறியவன். அவை எனக்கு வரவில்லை. அண்ணன் தன்னைக் கைவிட்டுவிட்டான் என்றே அவள் நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

முகாமில் அவளுக்குக் கொடுத்த பதிவுத் துண்டைப் பார்த்தேன். இலக்கம் 12041073050110543. உங்கள் தாளில் கடைசி இலக்கம் 4. மகளுக்கும் அதே இலக்கம்தான் தாளில் இருந்தது. குடும்பத்துக்கு ஒன்று என்று அப்போது நினைத்தேன். இங்கே தாய்க்கு வேறு, மகளுக்கு வேறு.

இன்னொரு விசயம். மொன்ட்ரியால்-நோரில் இருக்கும் சிவநேசம் அக்கா தன் தம்பி ஸ்ரீதரனுக்கு ஒரு பார்சல் தந்துவிட்டவ. யாழ்ப்பாணத்தில் இருந்து கல்லடிக்கு மாற்றலாகி வந்த சித்திர ஆசிரியர். உங்கள் தாளில் 'குணமாகி முகாமுக்குத் திரும்பினார்' என்று இருக்கிறது. அவரை எந்த முகாமிலும் காணவில்லை. அலைக்குப் பிறகு தாங்கள் காணவில்லை என்கிறார்கள் பள்ளிக்கூடத்தில்.

தொலைபேசியில் கதைத்தால் ஏசிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். இது எப்படி நடந்தது என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
றொபின்சன்

*

ரொக்ஸ்பரோ, மொன்ட்ரியால்
3 மே 2005

அன்புள்ள திரு. ராபின்சன்,

உங்கள் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. உங்கள் தங்கையும் குழந்தையும் நலமாக இருப்பது பற்றி நானும் என் மனைவி பத்மாவும் அடைந்த நிம்மதியை எழுத்தில் சொல்ல முடியாது. நீங்கள் அனுபவித்த மூன்று மாத வேதனைக்கு என் வருத்தத்தைத் தெரிவிக்கிறேன்.

எப்படி நடந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பட்டியல்கள் எத்தனை கைகள் மாறி வந்தன என்பது உங்களுக்குத் தெரியும். முகாமில் ஒருவர் பேனாவால் எழுதினார். இன்னொருவர் அதைத் தொலைநகலில் அனுப்பினார். பாதிப் பக்கங்கள் கறுப்பாக வந்தன. அவற்றை உங்கள் குழுவினர் வேலை முடிந்து களைப்போடு வந்து தட்டெழுதினார்கள். பதினேழு இலக்க எண்ணை அடிக்கும்போது 3 என்பது 4 ஆவது மிகவும் சாதாரணம். முப்பத்தொரு வருடமாகப் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். நான் பார்த்த பிழைகளில் பத்தில் ஒன்பது, தரவு கணினிக்குள் நுழையும் வாசலிலேயே நடந்தவை.

இரண்டு பட்டியல்களையும் பதிவு எண்ணை வைத்து இணைக்கும் நிரலை நான் 'ஆர்' என்ற புள்ளியியல் கணினி மொழியில் எழுதினேன். பதினைந்து வரிகள்கூட இல்லை. அதில் பிழைக்கு இடமில்லை. யாரையும் குறை சொல்லும் நோக்கத்தில் இதை எழுதவில்லை. குறை என் மேல் மட்டும் வந்து விழுவதும் நியாயமில்லை அல்லவா?

திருமதி சிவநேசத்தின் தம்பி விஷயத்தில், முகாம்கள் கலைந்த குழப்பத்தில் அவர் வேறு இடத்துக்குப் போயிருக்கலாம். தொடர்ந்து தேடுங்கள்.

பத்மா உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். "நீங்க எதுக்கும் ஒரு தடவை சரி பாத்துடுங்களேன்" என்றாள். பரீட்சைத் தாள்கள் முடிந்ததும் பார்க்கிறேன்.

அன்புடன்,
ஜம்புநாதன்

*

கல்லடி
19 மே 2005

பேராசிரியர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்தேன். பிறகு நீங்கள் அச்சடித்துத் தந்த தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கல்லடி முகாம் மட்டும் ஆறு தாள், இருநூற்றுப் பதினான்கு பேர். புதைத்த இடத்தைத் தேட உதவும் என்று கொண்டுவந்தவை.

நான் களஞ்சியத்தில் செய்கிற வேலை என்ன என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. பெட்டியில் ஒட்டிய இலக்கமும் தாளில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று பார்ப்பதுதான் வேலை. எட்டு வருடமாகச் செய்கிறேன். பெயரைப் பார்க்கமாட்டோம். கடைசி இலக்கத்தைத்தான் பார்ப்போம்.

உங்கள் ஆறு தாளிலும் கடைசி இலக்கங்களை மட்டும் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தேன். 4, 4, 4, 6, 8, 8, 8, 0. இருநூற்றுப் பதினான்கு பேரில் ஒருவருக்குக்கூட ஒற்றை இலக்கம் இல்லை. 1 இல்லை, 3 இல்லை, 5 இல்லை, 7 இல்லை, 9 இல்லை.

நாங்கள் களைத்துப்போய்த் தட்டெழுதியவர்கள்தான். தொலைநகல் கறுப்பாக வந்ததும் உண்மை. ஆனால் ஒன்பது பேரும் சேர்ந்து ஒற்றை இலக்கத்தை மட்டும் பிழையாக அடிக்க எங்களுக்கு யார் பழக்கினார்கள்?

ஜனவரியில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். முதல் முறை நீங்கள் அச்சடித்தபோது இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாருக்கும் 1.204107e+16 என்று வந்தது. "என்ன சேர் இது, ஆக்கள்ற இலக்கத்துக்க எழுத்து வந்திருக்கு" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள், "அது ஒண்ணுமில்லப்பா, பெரிய நம்பரைக் கம்ப்யூட்டர் காட்டுற விதம்" என்றீர்கள். ஏதோ தட்டினீர்கள். அடுத்த தாளில் பதினேழு இலக்கமும் வந்தது. நானும் அதோடு விட்டுவிட்டேன்.

ஸ்ரீதரனைக் கண்டுபிடித்துவிட்டேன். அம்பாறை வைத்தியசாலைப் பதிவேட்டில் இருக்கிறார். ஜனவரி 9ஆம் திகதி இறந்திருக்கிறார். நெஞ்சுக்குள் உப்புத்தண்ணீர் போய்க் கிருமி பிடித்ததாம். அங்கேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். இடத்தையும் போய்ப் பார்த்தேன்.

பார்சல் என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. சிவநேசம் அக்கா தம்பியை அங்கே கூப்பிட விண்ணப்பம் போட்டிருக்கிறா என்று போகும்போது சொன்னவ. அவவுக்கு நான் ஒன்றும் அறிவிக்கவில்லை. 'குணமாகித் திரும்பினார்' என்ற தாளைக் கொடுத்தவர் நீங்கள்.

றொபின்சன்

*

ரொக்ஸ்பரோ
5 ஜூன் 2005

அன்புள்ள றொபின்சன்,

பிழை என்னுடையது. சுற்றி வளைக்காமல் அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஒற்றை எண் இல்லை என்ற வரியைப் படித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. கணினியைத் திறக்கவேண்டிய தேவைகூட இல்லை. உங்களுக்கும் புரியவேண்டும் என்பதால் விளக்குகிறேன். மழுப்புவதற்காக அல்ல.

நான் நிரல் எழுதிய 'ஆர்' மொழி ஓர் எண்ணை வைத்துக்கொள்ள ஒதுக்கும் இடத்துக்கு ஓர் அளவு உண்டு. சுமார் ஒன்பதாயிரத்து ஏழு இலட்சம் கோடி வரை எல்லா முழு எண்களையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் அதனால் இரண்டு இரண்டாகத்தான் எண்ண முடியும். ஒற்றை எண் வந்தால் பக்கத்து இரட்டை எண்ணோடு சேர்த்துவிடும். பிழை என்று எச்சரிக்காது. உங்கள் பதிவு எண்கள் அந்த எல்லைக்கு மேலே இருந்தன. மாக்கிரட்டின் 43, குழந்தையின் 44, அவர்களுக்கு அடுத்தவரின் 45, மூன்றும் 44 ஆகிவிட்டன. இறந்தவர் 45. அந்த ஒரு மரணத்தை என் நிரல் மூன்று பேருக்கும் எழுதியது. ஸ்ரீதரனுக்கு இரண்டு எண் தள்ளி ஒருவர் குணமாகித் திரும்பியிருக்கிறார். இரண்டாவது பட்டியலில் அவருடைய வரி முதலில் இருந்ததால் அது ஸ்ரீதரனுக்கும் போய்விட்டது.

பதிவு எண்ணை எண்ணாக வாசிக்காமல் எழுத்தாக வாசிக்கச் சொல்லியிருந்தால் போதும். பெயரை வாசிப்பதுபோல. ஒரே ஒரு சொல் சேர்க்கவேண்டும்.

இது எனக்குத் தெரியாத விஷயமும் அல்ல. வருடாவருடம் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் "எழுத்து வந்திருக்கு" என்று கேட்டபோதே நான் நின்று யோசித்திருக்கவேண்டும். எல்லார் முன்னாலும் கேட்டீர்கள். பட்டியல் தாமதமாகிறது என்று மற்றவர்கள் காத்திருந்தார்கள். எனக்குள் ஒரு சிறு எரிச்சல் வந்தது. இவருக்கு என்ன தெரியும் என்ற எரிச்சல். எண்ணை முழுதாக எழுதிக் காட்டும்படி கட்டளை கொடுத்தேன். அது காட்டும் விதத்தைத்தான் மாற்றியது. உள்ளே கடைசி இலக்கம் எப்போதோ போய்விட்டிருந்தது. பதினேழு இலக்கமும் வரிசையாக அச்சில் வந்ததும், உங்களை வாயடைக்க வைத்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன். இதை இதுவரை பத்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

முழுப் பட்டியலையும் மறுபடி ஓட்டினேன். முப்பத்தெட்டுப் பேருடைய நிலை மாறியிருக்கிறது. திருத்தியதைச் சங்கத்துக்கும் பட்டியல் அனுப்பிய நிவாரணக் குழுவுக்கும் அனுப்பிவிட்டேன். அந்த முப்பத்தெட்டுப் பேரைப் பற்றி, உங்களைத் தவிர, இங்கே விசாரித்த குடும்பங்கள் நான்கு. மூன்று வீடுகளில், இறந்ததாகச் சொன்னவர்கள் இறக்கவில்லை. மூன்றுக்கும் நேரில் போனேன். ஒரு வீட்டில் முப்பத்தோராம் நாள் காரியமே முடித்திருந்தார்கள். அந்த வீட்டுப் பெரியவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். என்னை அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

நான்காவது வீடு திருமதி சிவநேசம். வியாழக்கிழமை போனேன். பிள்ளைகள் காப்பகத்தில் சமையல் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். "வாங்கோ சேர், இருங்கோ" என்று தேநீர் போட்டார். தம்பிக்கு எடுத்து வைத்த குளிர்கால அங்கியைக் கொண்டுவந்து, "கை நீளம் காணுமோ?" என்று என்மேல் வைத்து அளந்து பார்த்தார். நான் தேநீரைக் குடித்துவிட்டு, சும்மா பார்த்துப் போக வந்தேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவருக்குக் கடிதமாக எழுதிவிடலாமா? அல்லது கோயில் குருக்களிடம் சொல்லச் சொல்லலாமா? நீங்கள் சொல்லுங்கள்.

ஜம்புநாதன்

*

கல்லடி
20 ஜூன் 2005

சேர்,

கடிதத்தில் எழுதாதீர்கள். அவ அதைத் தனியாக நின்று வாசிப்பா. குருக்களையும் அனுப்பாதீர்கள். நீங்கள் போங்கள். உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். உள்ளே போய் இருக்காதீர்கள். தேநீர் போட விடாதீர்கள். முதல் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அவ கேட்கக்கூடியதை எழுதுகிறேன். ஸ்ரீதரன் வைத்தியசாலையின் ஏழாம் விடுதியில் எட்டு நாள் இருந்தார். பார்த்த தாதியைக் கண்டு கதைத்தேன். கடைசி இரண்டு நாளும் நினைவு இல்லையாம். அதற்கு முதல், வெள்ளைத் தாள் கேட்டு வாங்கிப் பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு ஆனை, குதிரை எல்லாம் கீறிக் கொடுத்தாராம். அவர் மண்ணுக்குள் படுத்திருக்கும் இடத்தில் இலக்கம் எழுதிய பலகை ஒன்று நட்டிருக்கிறார்கள். நான் பெயரையும் எழுதுவித்தேன். படம் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். அவ கேட்டால் மட்டும் கொடுங்கள்.

உங்கள் கடிதத்தை மாக்கிரட்டுக்கு வாசித்துக் காட்டினேன். இங்கே வந்து இரண்டு மாதம், அவள் என்னோடு தேவைக்கு மட்டும்தான் கதைக்கிறாள். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப ஒரு நம்பருக்காகவா நீ என்னைய விட்ட?" என்றாள். கணினி செய்த பிழை என்றேன். "கம்ப்யூட்டர் உனக்கு ஆரு? நான் உனக்குத் தங்கச்சி. தாளப் பாத்திட்டு ஒருத்தரிட்டயும் கேக்காம பூசை வெச்சிட்டு இருந்திரிக்காய்" என்றாள்.

அவள் சொன்னது சரி, சேர். உண்மையைச் சொன்னால், அந்தத் தாள் வந்தபோது அழுதேன். அழுகையோடு கூட ஒரு ஓய்வும் வந்தது. மூன்று கிழமையாக அவளோடு ஒருக்கால் கதைக்க இரவு பகலாக ஒவ்வொருவருக்கும் தொலைபேசி எடுத்துக்கொண்டு இருந்தவன். இனி எடுக்கத் தேவையில்லை என்று வந்த ஓய்வு. ஆறு வயதுப் பிள்ளையும் இல்லை என்று ஒரு தாள் சொல்ல, நான் சரி என்றேன். உங்கள் பிழையில் அந்தப் பங்கு என்னுடையது. இதை எழுதாமல் விட்டால் உங்களை மட்டும் குற்றம் சுமத்தினவன் ஆவேன்.

45ஆம் இலக்கத்துக்காரர் யார் என்று மாக்கிரட்டிடம் கேட்டேன். உடனே சொன்னாள். இலட்சுமிப்பிள்ளை என்ற அம்மா. பதிவு செய்த வரிசையில் இவர்களுக்குப் பின்னால் நின்றிருக்கிறா. ஐம்பத்தெட்டு வயது. வீட்டில் ஒருவரும் மிஞ்சவில்லை. மாக்கிரட் காய்ச்சலில் கிடந்த கிழமை முழுவதும் ஜெனிற்றாவைத் தன் பாயில் போட்டுப் பார்த்தது அவதான். பிறகு அதே காய்ச்சலில் அவ போய்விட்டா. அவவை எந்த நாட்டில் இருந்தும் ஒருவரும் விசாரிக்கவில்லை. உங்கள் திருத்திய பட்டியலில் அவவுடைய பெயர் சரியாக இருக்கிறதா என்று ஒருக்கால் பாருங்கள்.

றொபின்சன்

*

ரொக்ஸ்பரோ
10 ஜூலை 2005

அன்புள்ள றொபின்சன்,

இலட்சுமிப்பிள்ளை அம்மாவின் பெயர் இருக்கிறது. 'லட்சுமிபிள்' என்று பாதியில் நின்றிருந்தது. திருத்திவிட்டேன்.

திருமதி சிவநேசத்திடம் சொல்லிவிட்டேன்.

நீங்கள் சொன்னபடியே பத்மாவும் நானும் போனோம். போன ஞாயிற்றுக்கிழமை. கதவைத் திறந்தவுடன், "அம்மா, நான் கொடுத்த தகவல் தப்பு. உங்க தம்பி ஜனவரி ஒன்பதாம் தேதியே ஆஸ்பத்திரியில் இறந்துட்டார்" என்றேன். வீட்டில் ஒத்திகை பார்த்த வாக்கியம் இன்னும் நீளமானது. அது வரவில்லை.

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எத்தினையாந் திகதி?" என்று கேட்டார். மறுபடி சொன்னேன். "அதுக்குப் பிறகுதானே நான் அவனுக்குச் சப்பாத்து வாங்கினனான்" என்றார். கணக்கில் ஏதோ பொருந்தவில்லை, நான் விளக்கிச் சொல்லவேண்டும் என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் எண்களைப் பற்றி ஏதோ தொடங்கினேன். பத்மா என் கையை அழுத்தி நிறுத்திவிட்டு, அவரைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். நான் வெளியே படிக்கட்டில் நின்றேன். மொன்ட்ரியால்-நோரின் அந்த வெளிப்புற இரும்புப் படிகள் உங்களுக்குத் தெரியும். கீழே சின்னப் பெண்கள் மூன்று பேர் பிரெஞ்சில் பாட்டுப் பாடிக் கயிறு தாண்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அழும் சத்தம் வெகு நேரம் கழித்துத்தான் கேட்டது.

ஒன்றரை மணி நேரம் கழித்துப் பத்மா வெளியே வந்தாள். படத்தையும் நீங்கள் எழுதியதையும் கொடுத்திருக்கிறாள். யானை, குதிரை என்ற இடத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னாராம். என்னை அவர் உள்ளே கூப்பிடவில்லை. அது சரிதான்.

அடுத்த நாள் சங்கத்தில் கூட்டம் வைக்கச் சொன்னேன். இருபது பேர் வந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். நீங்கள் முதலிலேயே கேட்டதையும், நான் பதில் சொன்ன விதத்தையும் சேர்த்துச் சொன்னேன். ஒருவர், "படிச்ச ஆக்கள் எண்டுதானே நம்பினம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஜம்புநாதன்

*

கல்லடி
26 ஜூலை 2005

சேர்,

கடிதம் கிடைத்தது. மாக்கிரட்டுக்கும் வாசித்தேன். "கதவடியிலயே சொன்னாராமா" என்று கேட்டாள். ஓம் என்றேன். பிறகு, அலை வந்த காலையில் தன் புருசன் எங்கே நின்றான், கடைசியாக என்ன சொன்னான் என்று முதல் தடவையாக எனக்குச் சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள்.

நான் செப்டெம்பரில்தான் திரும்புகிறேன். களஞ்சியத்தில் என் இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்களாம். பரவாயில்லை, வேறு பார்க்கலாம். மாக்கிரட்டை என்னோடு வரச் சொன்னேன். மாட்டேன் என்கிறாள். ஜெனிற்றாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. காலையில் நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

சிவநேசம் அக்கா எப்படி இருக்கிறா?

றொபின்சன்

*

ரொக்ஸ்பரோ
21 ஆகஸ்ட் 2005

அன்புள்ள றொபின்சன்,

சிவநேசம் அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். இப்போது கொஞ்சம் சொல்ல முடியும்.

இரண்டு வாரத்துக்கு முன் அவர் பத்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார். "சேர் பிரெஞ்சு நல்லாக் கதைப்பாரோ?" என்று கேட்டார். தம்பியைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பத்தை நிறுத்தவேண்டும், குடிவரவு அலுவலகத்தில் நேரம் கொடுத்திருக்கிறார்கள். தனக்கு வேலைக்குப் போதுமான பிரெஞ்சு தெரியும், ஆனால் அந்த வார்த்தையைத் தன் வாயால் அங்கே சொல்ல முடியாது என்றாராம்.

மெட்ரோவில் எதிரெதிரே உட்கார்ந்து போனோம். அலுவலகத்தில் ஓர் இளம்பெண் 'போன்ழூர்' என்று வணக்கம் சொல்லிக் கோப்பைத் திறந்தாள். விண்ணப்பத்தைத் திரும்பப் பெற வந்திருக்கிறோம், அவர் இறந்துவிட்டார் என்றேன். வருத்தம் தெரிவித்துவிட்டு இறந்த தேதியைக் கேட்டாள். சொன்னேன். அவள் எழுதப் போய், நிறுத்தி, பக்கங்களைப் புரட்டினாள். விண்ணப்பத்தில் கையெழுத்திட்டது பிப்ரவரி பதினொன்று. இறந்து ஒரு மாதமான ஒருவருக்கு எப்படி விண்ணப்பம் போட்டார்கள் என்று கேட்டாள். குற்றம் சாட்டும் தொனி இல்லை. அவளுடைய படிவத்தில் அதற்கு ஒரு விளக்கம் வேண்டும்.

திருமதி சிவநேசம் என்னைத் திரும்பிப் பார்த்தார். கேள்வி அவருக்குப் புரிந்திருந்தது.

தம்பி உயிரோடு இருப்பதாக இவருக்கு எழுத்தில் தந்தவன் நான், பட்டியல் தயாரித்ததில் பிழை செய்தேன், இவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று சொன்னேன். என் பெயரையும் தொழிலையும் கேட்டாள். சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் அவர் கேட்டார். "அவள் எல்லாம் எழுதினவளோ?"

"எழுதினாங்க."

"உங்கட பேரும்?"

"ஆமாம்."

தலையை ஆட்டினார். மெட்ரோவில் நான் மாறவேண்டிய இடம் வந்தது. எழுந்தேன். "வாற ஞாயிறு அவனுக்குச் செய்யிறம். ஏழு மாதம் பிந்திப் போச்சு. பத்மா அக்காவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார்.

இன்று அந்த ஞாயிற்றுக்கிழமை. போய்விட்டு வந்து இதை எழுதுகிறேன். இருபத்தைந்து பேர் இருந்தார்கள். சங்கத்துக் கூட்டத்தில் எழுந்து போனவரும் இருந்தார். நான் கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்தேன். ஸ்ரீதரனின் படம் வைத்திருந்தார்கள். நான் எண்ணியிருந்ததைவிட மிகவும் சின்ன வயது. பூசை முடிந்து இலை போட்டார்கள். சிவநேசம் அம்மா தானே சோற்றுப் பாத்திரத்தோடு வரிசையாக வந்தார். என் இலைக்கு வந்ததும் நின்று இரண்டு கரண்டி வைத்தார். போதும் என்று கையைக் காட்டினேன்.

"சாப்பிடுங்கோ" என்று இன்னொரு கரண்டி வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

சாப்பிட்டேன்.

ஜம்புநாதன்